கட்டியைக் கண்டுபிடிக்கும் வெண்கலப் பாத்திரம்

எங்கள் குடியிருப்பில் ஒரு வெண்கலப் பாத்திரம் பெண்களின் வயிற்றுக்குள் என்ன இருக்கிறது என்று கண்டுபிடித்துச் சொல்லத் தொடங்கியது. சொன்னது பாத்திரம். நம்பியது நாங்கள். காசு வாங்கிக்கொண்டது ஆசான் கோங். வேலையை எவ்வளவு ஒழுங்காகப் பங்கு போட்டுக்கொண்டோம் பாருங்கள்.

விடிந்தால் போதும், காய் அடுக்கி மாஜோங் ஆடும் கூடத்து வாசலில் வரிசை கட்டிவிடுவார்கள். எங்கள் சோங்சிங் மலைமேல் கட்டிய சீன நகரம், இங்கே வரிசை சமதரையில் நிற்காது, படிக்கட்டில்தான் நிற்கும். கூடத்து வாசலில் தொடங்கி, என் முடிதிருத்தும் கடையைத் தாண்டி, படியோடு படியாக இறங்கி, கீழே குய்லானின் நூடுல்ஸ் கடை அடுப்பு வரைக்கும் அந்த வால் போகும். மடக்கு முக்காலி, பின்னல் ஊசி, சூரியகாந்தி விதை என்று சகல ஏற்பாட்டோடும் வந்து உட்கார்ந்துகொள்வார்கள். விதையைக் கொறித்துவிட்டுத் தோலை என் வாசலில் துப்புவார்கள். கேட்டால், "லுவோ அக்காவுக்குப் பொறாமை" என்பார்கள். எனக்கு என்ன பொறாமை? துடைப்பம் தேய்கிற கவலைதான்.

வந்தவர்கள் எல்லோருக்கும் ஒரே நோய்தான். கர்ப்பப்பைக் கட்டி. டாக்டர்கள் ஃபைப்ராய்டு என்பார்கள். பெரும்பாலும் உயிரைக் குடிக்கிற கட்டி இல்லை. சிலருக்கு இருப்பதே தெரியாது. சிலருக்கு மாதாமாதம் ரத்தமாகக் கொட்டித் தீர்த்துவிடும். எங்கள் படிக்கட்டில் நாலு பெண்கள் கூடிப் பேசினால் அதில் ஒருத்திக்காவது இருக்கும். கட்டி இருக்கிறது என்று கேட்டதும் எல்லோரும் கேட்கும் முதல் கேள்வியும் ஒன்றுதான்: "கத்தி வெப்பாங்களா?"

ஆசான் கோங் அந்தக் கேள்விக்குப் பதிலைச் சிவப்புத் துணியில் எழுதிக் கூடத்து வாசலிலேயே தொங்கவிட்டிருந்தார். கத்தி வேண்டாம், ரத்தம் வேண்டாம், ஒலி போதும்.

ஆசானுக்குத் தாடி கிடையாது. தாடி வைத்தால் ஏமாற்றுக்காரர் என்று நினைத்துவிடுவார்களாம். மேலே டாக்டர் போட்டுக்கொள்ளும் வெள்ளைக் கோட்டு, உள்ளே சாமியார் போட்டுக்கொள்ளும் பட்டுச் சட்டை. பக்தி எந்தப் பக்கத்திலிருந்து வந்தாலும் வாங்கிப் போட்டுக்கொள்ள ஒரு பாக்கெட் தயாராக இருந்தது.

அவருடைய பாத்திரத்தைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். அகலமான வெண்கலச் சட்டி, இரண்டு பக்கமும் கைப்பிடி, உள்ளே நாலு மீன்கள் செதுக்கியிருக்கும். பாதி அளவு தண்ணீர் ஊற்றி, ஈரக் கைகளால் இரண்டு பிடிகளையும் தேய்த்தால் பாத்திரம் ஊம் என்று பாடும். தண்ணீர் நாலு இடத்தில் பொரிந்து குதிக்கும். ஆற்றங்கரைக் கடைத்தெருவில் இதையே சுற்றுலா வந்தவர்கள் தேய்த்துத் தேய்த்துச் சிரித்துக்கொண்டிருப்பார்கள். எங்களில் அதைப் பார்க்காதவர்கள் கிடையாது. அங்கே அது விளையாட்டுச் சாமான். அதையே சிவப்புத் துணி மேல் வைத்து, பக்கத்தில் ஊதுபத்தி கொளுத்தியதும் வைத்தியம் ஆகிவிட்டது.

வைத்தியம் இப்படி. முதலில் ஆசானின் உதவியாளர் அம்மாள் நோயாளியின் உள்ளங்கையில் வாசனைத் தைலம் பூசுவார். நரம்பு திறப்பதற்காம். பிறகு நோயாளி பிடிகளைத் தேய்க்க வேண்டும். வயிற்றில் கட்டி இல்லையென்றால் தண்ணீர் எழும். கட்டி இருந்தால் ஒலி அதில் போய் மாட்டிக்கொள்ளும், தண்ணீர் தூங்கும். எல்லோருக்கும் தூங்கியது. அதன்பின் ஒரு சுற்று அமர்வுகள். நோயாளி பெஞ்சில் படுத்துக்கொள்வார். ஆசான் தன் கையாலேயே பாத்திரத்தைத் தேய்த்து, அந்த ஊம் என்ற ஒலியை வயிற்றுக்குள் அனுப்பிக் கட்டியைக் கரைப்பார். கடைசி அமர்வன்று உதவியாளர் நோயாளியின் கைகளை மூலிகை நீரில் நுரைக்க நுரைக்கக் கழுவிவிடுவார். நன்றிச் சடங்காம். நோயாளி பிடிகளைத் தேய்ப்பார். தண்ணீர் குதிக்கும். கட்டி கரைந்துவிட்டது, அடுத்த ஆள் வரலாம்.

"ஸ்கேன் எடுத்துப் பாத்துக்கலாமா ஆசானே?" என்று ஒருத்தி ஒருநாள் கேட்டுவிட்டாள்.

"தாராளமா எடு. ஆனா ஸ்கேன் பட்டா கரைஞ்ச கட்டி மறுபடி முழிச்சுக்கும். அப்புறம் என்னைக் குத்தம் சொல்லக் கூடாது" என்றார் ஆசான். அவள் எடுக்கவில்லை. தூங்குகிற கட்டியை யார்தான் எழுப்புவார்கள்?

சாட்சிகளுக்கும் குறைவில்லை. முதல் சாட்சி சியாங் அத்தை. வரிசையில் தினமும் முன்னால் நின்று, "எனக்கு இப்ப ஒரு சொட்டு ரத்தம் படறதில்லை, தெரியுமா. எல்லாம் பாத்திரத்தோட மகிமை" என்பார். கூட்டம் உச்சுக்கொட்டும். சியாங் அத்தைக்கு வயது எழுபதை நெருங்குகிறது. எப்போது நின்றது அத்தை என்று யாராவது கேட்டிருந்தால், மகனுக்குக் கல்யாணம் ஆன வருஷம் என்று உண்மையைச் சொல்லியிருப்பார். அவர் பொய் பேசுகிறவர் இல்லை. மாதவிலக்கு நின்றபின் இந்தக் கட்டி பெரும்பாலும் தானாகவே சுருங்கிவிடும் என்று எந்த டாக்டரும் சொல்வார். ஆனால் எங்கள் படிக்கட்டில் யாரும் எதையும் கேட்பதில்லை. தலையாட்டத்தான் தெரியும்.

இதில் பெரிய வேடிக்கை என்னவென்றால், இந்தக் கதைக்கு விதை போட்டவள் பொய்யே சொல்லாத ஒருத்தி. அவள் யென்ஹோங், டாக்ஸி ஓட்டுகிறவள். அவள் வண்டியில் ஏறினால் எதிர்த்துப் பேசாமல் வருவது பயணிக்கு நல்லது. சில வருஷங்களுக்கு முன்னால் அவளுக்கும் இதே கட்டி இருந்தது. எங்கள் ஊர் ஆஸ்பத்திரியிலேயே கத்தியில்லாமல் ஒலி அலை சிகிச்சை செய்துகொண்டாள். முடி வெட்டிக்கொள்ள வந்தபோது என் கடையில் எல்லோருக்கும் அதைக் கதைகதையாகச் சொன்னாள்.

"குப்புறப் படுக்கச் சொன்னாங்க. வயிறு தண்ணில இருக்கும். கீழேர்ந்து சத்தம் வருதாம், ஆனா நம்ம காதுக்குக் கேக்காது. அது உள்ள போயி கட்டிமேல மட்டும் குவிஞ்சு அதைச் சுட்டுடும். வெந்நீர்ப் பை வெச்ச மாதிரி சூடு, நடுநடுல கால்ல சுள்ளுனு இழுக்கும். டாக்டர் வலிக்குதா வலிக்குதான்னு கேட்டுக்கிட்டே இருந்தாரு. ஒரு தையல் கிடையாது."

கேட்டவர்கள் அதில் பாதியை மட்டும் வீட்டுக்குக் கொண்டுபோனார்கள். சத்தம், தண்ணீர், கத்தி இல்லை. முதலில் ஸ்கேன் எடுத்து இடம் பார்த்தது, எல்லாக் கட்டிக்கும் இது ஒத்துவராது என்று டாக்டர் எச்சரித்தது, சுட்ட கட்டி சுருங்குவதற்கு மாதக்கணக்கில் ஆனது, இதெல்லாம் மீதிப் பாதி. அது என் கடைத் தரையிலேயே முடியோடு முடியாகக் கிடந்தது, நான்தான் பெருக்கினேன். ஆசான் கோங் வந்தபோது எங்கள் ஜனங்கள் தயாராக இருந்தார்கள். "ஆஸ்பத்திரி ஒலி மெஷின் ஒலி. என் ஒலி வெண்கல ஒலி, மூத்த ஒலி" என்றார். அவ்வளவுதான் தேவைப்பட்டது.

இனி குய்லானைப் பற்றிச் சொல்ல வேண்டும். இதுவரை சிரித்ததெல்லாம் சரி, இவளை நினைத்தால் எனக்குச் சிரிப்பு வராது.

குய்லான் யென்ஹோங்கின் அண்ணி. கீழே நூடுல்ஸ் கடை வைத்திருக்கிறாள். அவள் புருஷன் தேஃபு கூடவே நின்று கிண்ணம் கழுவுவான். எங்கள் ஊர் ஆண்களை மெத்தென்ற காதுக்காரர்கள் என்று மற்ற ஊர்க்காரர்கள் கேலி செய்வார்கள். பெண்டாட்டி பிடித்துத் திருகினால் வலிக்காத காதாம். தேஃபுவின் காது பஞ்சு. ஆசானிடம் போகிறேன் என்றாள், சரி என்றான். ஆஸ்பத்திரி தேதியைத் தள்ளிப் போடு என்றாள், அதற்கும் சரி என்றான்.

அவளுக்குக் கட்டி பெரிது. மாதத்தில் பாதி நாள் ரத்தப்போக்கு. முகம் அவித்த மாவு மாதிரி வெளுத்துப்போயிருந்தது. ஆசானிடமும் அவளுக்குத்தான் கெட்ட பெயர். தைலம் பூசாமலே அவள் கையில் தண்ணீர் தூங்கும். "இவ்வளவு பிடிவாதமான கட்டிய நான் பாத்ததில்லை" என்று ஆசானே தலையசைத்தார். காலை முழுக்கப் பன்றிக்கொழுப்பிலும் மிளகாய் எண்ணெயிலும் முங்கி எழுந்த கை அது. அந்த யோசனை யாருக்கும் வரவில்லை.

ஒருநாள் காலை நெரிசல் நேரத்தில் நூடுல்ஸ் வடிக்கும் கூடையைத் தூக்கியவள், கூடையைக் கொதிநீருக்குள்ளேயே விட்டுவிட்டு அப்படியே முழங்கால் மடிந்து உட்கார்ந்துவிட்டாள். நானும் தேஃபுவும் ஓடிப்போய்ப் பிடித்தோம். உள்ளங்கை காகிதமாக வெளுத்திருந்தது. தேஃபு போன் போட்டதும் யென்ஹோங் வண்டியைப் படிக்கட்டு முனையிலேயே நிறுத்திவிட்டு இறங்கி வந்தாள்.

"அண்ணி, இப்பவே ஆஸ்பத்திரிக்குப் போறோம். கெளம்புங்க."

"நாளைக்குக் கடைசி அமர்வு. இந்தத் தடவை தண்ணி கண்டிப்பா எந்திரிக்கும்னு ஆசான் சொல்லியிருக்காரு."

"தண்ணி எந்திரிக்கறது இருக்கட்டும். நீங்க மொதல்ல எந்திரிங்க பாப்போம்."

குய்லானால் எழுந்திருக்க முடியவில்லை. ஆனால் வரமாட்டேன் என்று சொல்வதற்கு மட்டும் தெம்பு இருந்தது.

"எங்க அக்காவுக்கு ஆஸ்பத்திரியிலதான் பாத்தாங்க. பையையே எடுத்துட்டாங்க. அதுக்கப்புறம் அவ மாமியா அவளை 'காலிச் சுரைக்காய்'னுதான் கூப்பிட்டுச்சு. ஊர்ல எல்லாரும் அப்படியே கூப்பிட்டாங்க. இப்ப அவ பேரைச் சொன்னாக்கூட யாருக்கும் தெரியாது யென்ஹோங். நான் அப்படி ஆக மாட்டேன்."

யென்ஹோங் பக்கத்தில் குந்தி உட்கார்ந்தாள்.

"உங்களுக்குக் கத்தின்னு யாரு சொன்னா? இன்னும் பெரிய ஸ்கேன்கூட எடுத்துப் பாக்கலையே. எனக்கு வெச்சாங்களா கத்தி?"

"உனக்குச் சின்னக் கட்டி. எனக்கு எப்படியோ. நாளைக்குப் பாத்துடுவோம். தண்ணி எந்திரிக்கலைன்னா நீ கூப்பிடற எடத்துக்கு வர்றேன். எந்திரிச்சிருச்சுன்னா, கட்டி போயிருச்சு, என்னை விட்டுடணும். சரியா?"

ஆபத்து எங்கே இருந்தது என்று உங்களுக்குப் புரிந்திருக்கும். கடைசி அமர்வில் தண்ணீர் எழாமல் போனதாக வரலாறே இல்லை. நாளைக்கு நுரைத் தண்ணீரில் அவள் கையைக் கழுவுவார்கள், தண்ணீர் குதிக்கும். இவள் கட்டி போய்விட்டது என்று நம்பிக்கொண்டு, மிச்சமிருக்கிற ரத்தத்தையும் வீட்டிலேயே உட்கார்ந்து கொட்டித் தீர்ப்பாள்.

யென்ஹோங் கத்துவாள் என்று எதிர்பார்த்தேன். கத்தவில்லை. வாடிக்கையாளர்கள் தின்றுவிட்டுப் போன கிண்ணங்களைத் தேஃபு கழுவுவதையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். எங்கள் ஊர் நூடுல்ஸ் மாவில் சோடாக் காரம் சேர்த்துப் பிசைவார்கள். அது வெந்த தண்ணீரில் எப்பேர்ப்பட்ட எண்ணெய்ப் பிசுக்கும் வழுக்கிக்கொண்டு போய்விடும்.

"அண்ணா, நாளைக்கு வரும்போது நூடுல்ஸ் வேகவெச்ச தண்ணிய ஃபிளாஸ்க்ல ஊத்திக் கொண்டா."

"எதுக்கு?"

"கொண்டாண்ணா. இவ்வளவு நாள் அண்ணி சொன்னதுக்கெல்லாம் சரின்னியே, ஒரு தடவை எனக்கும் சரின்னு சொல்லு."

தேஃபு சரி என்றான்.

மறுநாள் கூடத்தில் நிற்க இடமில்லை. பிடிவாதக் கட்டி கரையப்போகிறது என்று முந்தின நாளே செய்தி பரவியிருந்தது. நானும் கடையைச் சாத்திவிட்டுப் போனேன். எப்படியும் வாடிக்கையாளர்கள் எல்லோரும் அங்கேதான் இருந்தார்கள். குய்லான் சுவரில் சாய்ந்து முக்காலியில் உட்கார்ந்திருந்தாள். ஆசான் கோங் கண்ணை மூடி, பாத்திரத்தின் மேல் கையை வைத்துக்கொண்டு சொன்னார்: "மனுஷன் பொய் சொல்லுவான். மெஷின் பொய் சொல்லும். தண்ணிக்குப் பொய் சொல்லத் தெரியாது."

"அதைத்தான் நானும் நம்பி வந்தேன் ஆசானே" என்றாள் யென்ஹோங், கூட்டத்தைத் தள்ளிக்கொண்டு முன்னால் போய். "அண்ணி உக்கார்றதுக்கு முன்னாடி எங்க அண்ணனை ஒரு தடவை பாத்துடுங்க."

"இது பொம்பளைங்க வைத்தியம்மா."

"அதனாலதான் கேக்கறேன். இவருக்குக் கர்ப்பப்பையே கெடையாது, கட்டி இருக்கவே முடியாது. அப்ப இவர் தேய்ச்சா தண்ணி பிரமாதமாக் குதிக்கணும். பாத்திரம் எவ்வளவு கரெக்டாச் சொல்லுதுன்னு எல்லாரும் பாத்துக்கட்டுமே."

ஆசான் வேண்டாம் என்று சொல்வதற்குள் கூட்டம் ஆமாம் என்று சொல்லிவிட்டது. அவர்களுக்குப் பாத்திரத்தின் பெருமையை இன்னொரு தடவை பார்க்க ஆசை. பக்தர்களைப் போல ஒரு ஆசானைச் சிக்கலில் மாட்டிவிட யாராலும் முடியாது.

உதவியாளர் அம்மாள் புத்திசாலி. சட்டென்று மூலிகை நீர்க் கிண்ணத்தை எடுத்தார். யென்ஹோங் அவர் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அது குணமானவங்களுக்குத்தானேக்கா? இவர் புது ஆளு. எல்லாருக்கும் பூசற தைலத்தையே பூசுங்க. நரம்பு திறக்கட்டும்."

பூசினார். தேஃபு உட்கார்ந்து பிடிகளைத் தேய்த்தான். வழவழவென்று கை வழுக்கியது. பாத்திரம் பாடவில்லை. தண்ணீர் அசையவில்லை.

"அடப் பாவமே" என்றார் சியாங் அத்தை. "குய்லான்கிட்டேர்ந்து தொத்திக்கிச்சு போல."

"ஆம்பளைங்களுக்கும் வருமா?" என்றது ஒரு குரல். பின்வரிசையில் பெண்டாட்டிக்குத் துணையாக வந்திருந்த ஒருவர் மெதுவாகத் தன் வயிற்றைத் தடவிப் பார்த்துக்கொண்டார்.

ஆசான் தொண்டையைச் செருமினார். "சில ஆண்களுக்குச் சூட்சுமக் கர்ப்பப்பை உண்டு. கண்ணுக்குத் தெரியாது. ஸ்கேன்லயும் தெரியாது."

கூட்டம் "ஓ" என்றது. நான் சொல்வது பொய்யென்றால் கூடத்துக்காரரைக் கேளுங்கள். ஒருத்தர்கூடச் சிரிக்கவில்லை. இரண்டு பேர் தங்கள் புருஷன்மாரையும் நாளைக்கே அழைத்துவருவதாகச் சொன்னார்கள்.

"சரி ஆசானே. எங்க அண்ணனோட சூட்சுமக் கட்டி கரைய எவ்வளவு நாளாகும்?"

"ஒரு முழுச் சுற்று. குறைக்க முடியாது."

"நான் கொஞ்சம் குறைச்சுப் பாக்கறேன்" என்று யென்ஹோங் ஃபிளாஸ்க்கைத் திறந்து நூடுல்ஸ் தண்ணீரைக் கிண்ணத்தில் ஊற்றினாள். "அண்ணா, கைய நல்லாக் கழுவு. கடையில கிண்ணம் கழுவற மாதிரி."

அது தேஃபுவுக்குத் தெரிந்த வேலை. கழுவினான். ஈரக் கையோடு பிடிகளைத் தேய்த்தான். முதலில் மெல்லிய முனகல். பிறகு கூடமே அதிர ஊம் என்றது பாத்திரம். நாலு மீன்களின் வாயிலிருந்தும் தண்ணீர் பொரிந்து கிளம்பி, ஆசானின் வெள்ளைக் கோட்டை நெஞ்சு வரை நனைத்தது.

"கட்டி கரைஞ்சிருச்சு" என்றாள் யென்ஹோங். "வாழ்த்துகள் அண்ணா."

ஆசான் கோட்டைத் துடைத்துக்கொண்டு, பாத்திரத்தை அவமதித்தால் என்ன நடக்கும் என்று ஏதோ சொல்லத் தொடங்கினார். அவரைக் காப்பாற்ற வந்தவர் சியாங் அத்தை. மனசார, பக்தியோடு வந்தார். "இவ ஏதோ மாயம் பண்றா. ஆசானே, நீங்க தேய்ச்சுக் காட்டுங்க, வாயடைச்சுப் போகட்டும்" என்று சொல்லி, தைலக் கிண்ணத்தை எடுத்துத் தன் கையாலேயே ஆசானின் உள்ளங்கைகளில் தாராளமாகப் பூசிவிட்டார். எல்லோருக்கும் முதலில் அதைத்தானே பூசுவார்கள், அவருக்கு வேறு என்ன தெரியும். அத்தனை பேர் பார்த்துக்கொண்டிருக்க, ஆசான் வேறு வழியில்லாமல் தேய்த்தார். வழுக்கியது. மறுபடி தேய்த்தார். தண்ணீர் கண்ணாடியாகக் கிடந்தது.

"ஆசானுக்குமா?" என்று சியாங் அத்தை நிஜமான கவலையோடு கேட்டார்.

இந்தத் தடவை யாரோ சிரித்தார்கள். சிரிப்பு ஒரு மூலையில் தொடங்கி மெதுவாகக் கூடத்தைச் சுற்றி வந்தது. யென்ஹோங் சிரிக்கவில்லை.

"ஆத்தங்கரைக் கடைத்தெருவுல சவாரிக்காகத் தினம் நிக்கறேன். அங்க இதே பாத்திரத்தை வெச்சிருக்கவர், ஹாட்பாட் குழம்பு சாப்பிட்டு வந்த எண்ணெய்க் கையோட தேய்க்காதீங்க, சோப்புப் போட்டுக் கழுவிட்டு வாங்கன்னு தொண்டை கிழியக் கத்தறாரு. அதை நீங்களும் கேட்டிருக்கீங்க. அங்க தண்ணி எழலைன்னா கைய மோந்து பாப்பீங்க. இங்க எழலைன்னா வயித்தைப் பிடிச்சுக்கிட்டு அழறீங்க. கையில எண்ணெய் இருந்தா எழாது, இல்லைன்னா எழும். பாத்திரத்துக்கு உங்க கைதான் தெரியும், வயிறு தெரியாது."

குய்லான் சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்து வந்தாள். கிண்ணத்தில் மிச்சமிருந்த தண்ணீரை மோந்து பார்த்தாள். தினமும் தன் கடை வாசலில் கொட்டுகிற தண்ணீர் அவளுக்குத் தெரியாதா? அதில் கைகளைக் கழுவினாள், விரல் இடுக்கு, நகக்கண் எல்லாம். உட்கார்ந்து பிடிகளைத் தேய்த்தாள்.

தண்ணீர் குதித்தது. இத்தனை நாள் அவள் கையில் ஒரு தடவைகூட அசையாத தண்ணீர் அவள் மோவாய் வரைக்கும் எழும்பியது. ஒரு கணம் அவள் முகம் குழந்தையாகிவிட்டது. இத்தனைக்குப் பிறகும் நம்பிவிடுவாளோ என்று பயந்தேன்.

குய்லான் எழுந்துபோய் ஆசானின் பெஞ்சில் மல்லாந்து படுத்தாள். சட்டையை லேசாக விலக்கித் தொப்புளுக்குக் கீழே அழுத்திப் பார்த்தாள். பக்கத்தில் நின்ற சியாங் அத்தையின் கையைப் பிடித்து அங்கே வைத்தாள்.

"அத்தை, தண்ணி எந்திரிச்சிருச்சு. இது அப்படியேதான் இருக்கு. தொட்டுப் பாருங்க."

சியாங் அத்தை தொட்டுப் பார்த்தார். முஷ்டி அளவுக்குக் கெட்டியாக இருந்ததாம், பிறகு என்னிடம் சொன்னார். கையை எடுக்கத் தெரியாமல் அப்படியே வைத்துக்கொண்டு அழத் தொடங்கிவிட்டார். அவரைப் பார்த்துத்தானே குய்லான் வரிசையில் நின்றாள்.

"யென்ஹோங், வண்டி எங்க நிக்குது?" என்றாள் குய்லான்.

தேஃபு அவளை முதுகில் தூக்கிக்கொண்டு படியேறினான். அந்தக் களேபரத்தில் ஆசான் கோங் தியானத்துக்கு நேரமாகிவிட்டது என்று உள்ளே போனவர், பின்பக்கக் கதவு வழியாகத் தியானம் செய்யப் போய்விட்டார். காசுப் பெட்டியை மறக்கவில்லை. கோட்டை மறந்துவிட்டார். பணத்தைத் திருப்பிக் கேட்டவர்களுக்கு அதுதான் கிடைத்தது.

ஆஸ்பத்திரியில் நானும் கூட இருந்தேன். டாக்டரம்மா ரத்தப் பரிசோதனையைப் பார்த்துவிட்டு, இவ்வளவு குறைவான ரத்தத்தோடு இந்தப் பெண் எப்படிக் கடை நடத்தினாள் என்று கேட்டார். அன்றைக்கே ரத்தம் ஏற்றினார்கள். பிறகு பெரிய ஸ்கேன் எடுத்துப் பார்த்துவிட்டு வந்து குய்லானிடம் பேசினார்.

"கட்டி இருக்கற எடம் ஒலி அலை சிகிச்சைக்கு ஒத்துவரும். பை பத்திரமா இருக்கும். ஆனா முதல்ல உடம்புல ரத்தம் ஊறணும், மருந்து தர்றேன். நல்ல வேளை இப்ப வந்தீங்க. இன்னும் கொஞ்ச நாள் இப்படியே விட்டிருந்தா, உயிரைக் காப்பாத்தறதுக்கே அவசரமா வயித்தைக் கிழிச்சுப் பையை எடுக்க வேண்டி வந்திருக்கும்."

"கத்தி வேண்டாம்னுதான் டாக்டர் அங்க போனேன்" என்றாள் குய்லான், கூரையைப் பார்த்தபடி.

"அவர் உங்களைக் கத்திகிட்டதான் கொண்டுபோய்க்கிட்டு இருந்திருக்காரு" என்றார் டாக்டரம்மா.

குய்லான் யென்ஹோங்கின் கையைத் தேடிப் பிடித்துக்கொண்டு, தன் அக்காவுக்கு ஒரு போன் போட்டுத் தரச் சொன்னாள். அக்கா எடுத்ததும், அவள் பேரைச் சொல்லித்தான் கூப்பிட்டாள்.

இப்போது குய்லான் கடைக்கு வந்துவிட்டாள். சிகிச்சை நல்லபடியாக முடிந்தது. கட்டி ஒரே நாளில் மாயமாகிவிடவில்லை, மெதுவாகச் சுருங்கிக்கொண்டிருக்கிறது. அதையும் ஸ்கேன் பார்த்துத்தான் சொல்கிறார்கள். முகத்தில் ரத்தம் ஓடுகிறது, தேஃபுவை விரட்டும் குரலிலும் பழைய காரம் வந்துவிட்டது.

நேற்று சியாங் அத்தை அவள் கடையில் நூடுல்ஸ் சாப்பிட்டுக்கொண்டே மெதுவாகக் கேட்டார்: "அந்த ஆஸ்பத்திரி மெஷின் ரொம்ப ராசியானதாமே? எந்தத் திசையில தலை வெச்சுப் படுத்தே?"

குய்லான் அவர் கிண்ணத்தில் இன்னொரு கரண்டி மிளகாய் எண்ணெய் ஊற்றினாள். நான் பக்கத்து மேசையில் உட்கார்ந்து யோசித்துக்கொண்டிருந்தேன். சந்தேகப்படுவதற்கு விடியற்காலையில் வந்து இடம் பிடிக்க வேண்டாம், தைலம் பூச வேண்டாம், யாரிடமும் சீட்டு வாங்க வேண்டாம். அது இலவசம். இலவசம் என்பதாலோ என்னவோ, எங்கள் படிக்கட்டில் அதை யாரும் மதிப்பதில்லை. உங்கள் தெருவில் எப்படி?